ரஃப் நோட்டுக்கும் மார்க் போடுங்கள்!



மதியம் மணி அடித்ததும் தண்ணீர்க் குழாய்க்குப் போகிற வழியில் இந்தச் சுவர் முன்னால் இரண்டு நிமிடம் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்த முறை கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். கட்டுரை நீளம்தான், இரண்டு சார்ட் பிடித்துவிட்டது. இன்று பாதி, நாளை பாதி என்றுகூடப் படிக்கலாம். ஆனால் பாதியில் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் நான் இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். அந்தக் குற்றத்தில் உங்களில் பலருக்கும் பங்கு உண்டு!

★ என்னுடைய 9.8 கதை

பதினொன்றாம் வகுப்பில் நாம் எல்லாரும் செய்கிற சோதனை தனி ஊசல். நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை ஸ்டாப் வாட்சில் பார்த்து, புவிஈர்ப்பு முடுக்கம் g கண்டுபிடிக்க வேண்டும். விடை எல்லாருக்கும் முன்பே தெரியும். 9.8.

எனக்கு வந்த ரீடிங் இதுதான்:

நூல் 60 செ.மீ. – 20 அலைவுக்கு 29.5 வினாடி
நூல் 80 செ.மீ. – 34.1 வினாடி
நூல் 100 செ.மீ. – 38.1 வினாடி

கணக்குப் போட்டால் g 10.89, 10.86, 10.88 என்று வந்தது. பயந்துபோனேன். பக்கத்தில் இருந்தவள், "ஏய், 9.8 வரலைன்னா சார் ரிப்பீட் சொல்லுவாங்க, அக்கா ரெக்கார்டைப் பாரு" என்றாள். அக்கா ரெக்கார்டு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருடத்து அக்கா, அதற்கு முந்தைய வருடத்து அக்காவிடம் வாங்கியது. அந்த அக்கா யாரிடம் வாங்கினாரோ! பரம்பரைச் சொத்து மாதிரி நம் லேபில் கைமாறி வருகிறது. அதில் 31.1, 35.9, 40.1 என்று அழகாக இருந்தது. என் ரீடிங்கை ரப்பரால் அழித்தேன். அக்காவின் ரீடிங்கை எழுதினேன். சராசரி g = 9.8 மீ/வி². சிவப்பு மையில் டிக் விழுந்தது. அன்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் தம்பியைப் புளியமரத்து ஊஞ்சலில் உட்கார வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். பத்து ஆட்டம் என்று பேச்சு. கையை விட்டதும் "ஒண்ணு" என்றேன். அவன் கத்தினான்: "அக்கா, ஏமாத்தாதே! இன்னும் ஒரு ஆட்டம்கூட முடியலை, அதுக்குள்ள எப்படி ஒண்ணு?"

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. லேபிலும் இதைத்தானே செய்தேன்! ஸ்டாப் வாட்சை அழுத்தும்போதே "ஒண்ணு" என்று எண்ண ஆரம்பித்தேன். "பூஜ்ஜியம்" என்று அல்லவா ஆரம்பிக்க வேண்டும்? அப்படியானால் நான் 20 என்று நினைத்து நிறுத்தியபோது உண்மையில் 19 அலைவுகள்தான் முடிந்திருக்கின்றன.

ஓடிப்போய் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அழித்திருந்தாலும் பென்சில் தடம் லேசாகத் தெரிந்தது. 20-க்குப் பதில் 19 ஆல் வகுத்துப் பார்த்தேன். 9.83, 9.80, 9.82 என்று வந்தது!

அதாவது நான் அளந்த நேரம் மூன்றும் சரி. எண்ணியது மட்டும்தான் தப்பு. என் கையாலேயே எனக்கு 9.8 கிடைத்திருந்தது. அதை நானே ரப்பரால் அழித்துவிட்டு, அக்காவிடம் கடன் வாங்கி எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். கை நடுங்கியோ, கவனம் சிதறியோ தப்பு வந்திருந்தால் ஒன்று கூடியும் ஒன்று குறைந்தும் இருந்திருக்கும். மூன்று விடைகளும் ஒரே அளவுக்குக் கூடியிருக்கின்றன என்றால், மூன்று முறையும் ஒரே தப்பைச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம். அந்த எண்கள் அன்றே எனக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தன. நான்தான் காதைப் பொத்திக்கொண்டேன்.

ஆகவே என் கருத்து இதுதான், நண்பர்களே: நடந்ததை நடந்தபடி, நடந்த அன்றே எழுதி வைக்காத சோதனை, செய்யாத சோதனைக்குச் சமம். நம் ரெக்கார்டு நோட்டுகள் பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஏட்டுச் சுரைக்காய்கள்தான்.

★ கேள்வியைச் சின்னதாக்கு

இந்த வெட்கம்தான் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நானே ஒரு சோதனை செய்ய வேண்டும் என்று என்னை உசுப்பிவிட்டது. யாருடைய ரெக்கார்டிலும் விடை இல்லாத சோதனையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நம் ஊர் கடலோரம். சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். என் தாத்தா இரண்டு வருடமாக ஒரே புலம்பல்: "போர் தண்ணி உப்பாப் போச்சு, பயறு சரியா முளைக்க மாட்டேங்குது." அது தண்ணீரால்தானா, வேறு எதாலாவதா என்று யாருக்கும் தெரியாது. இதையே எடுத்துக்கொள்வோம் என்று நினைத்தேன்.

"உப்புத் தண்ணீரும் பயிர்களும்" என்று தலைப்பு எழுதிக்கொண்டு தாவரவியல் மிஸ்ஸிடம் போனேன். மிஸ் சிரித்தார்கள். "எந்தப் பயிர்? எவ்வளவு உப்பு? முளைக்கிறதைப் பார்க்கப் போறியா, வளர்றதையா, காய்க்கிறதையா? ஒரு வாரத்துல எதைப் பார்க்க முடியுமோ அதை மட்டும் கேளு" என்றார்கள். கேள்வியைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் இப்படி வந்தது: "ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு இருந்தால் பச்சைப்பயறு முளைப்பது குறையும்?"

கேள்வி சின்னதானதும் மற்றதெல்லாம் தானாகவே வரிசைக்கு வந்துவிட்டது. மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று: உப்பின் அளவு. எண்ண வேண்டியது ஒன்றே ஒன்று: முளைத்த பயறு. மீதி எல்லாம் எல்லாத் தட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

நான் செய்தது இதுதான். யாராவது மறுபடி செய்து பார்க்க நினைத்தால் உதவும் என்று முழுவதும் எழுதுகிறேன்.

அயோடின் சேர்க்காத கல் உப்பைப் பொடித்து, லேப் தராசில் 20 கிராம் நிறுத்து, கரைத்து 1 லிட்டர் ஆக்கினேன். அதில் பாதியை எடுத்து அதே அளவு நல்ல தண்ணீர் சேர்த்தால் லிட்டருக்கு 10 கிராம். அதையும் அப்படியே செய்தால் 5 கிராம். ஒரே ஒரு முறை நிறுத்தால் போதும், மூன்று கரைசல் வந்துவிடும். நான்காவது வெறும் நல்ல தண்ணீர், உப்பு 0. இதுதான் ஒப்பிட்டுப் பார்க்கிற தட்டு. இது இல்லாவிட்டால் மற்றவை குறைந்ததா கூடியதா என்று எதை வைத்துச் சொல்வது?

ஒவ்வொரு கரைசலுக்கும் 3 தட்டு. தட்டுக்கு 25 பயறு. மொத்தம் 12 தட்டு, 300 பயறு. ஒரே வேட்டியிலிருந்து கிழித்த துணி. ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து ஒவ்வொன்றுக்கும் 10 மி.லி. எல்லாத் தட்டையும் இன்னொரு தட்டால் மூடினேன். மூடாவிட்டால் தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் தங்கி, 10 கிராம் கரைசல் நமக்குத் தெரியாமலே 12 ஆகிவிடும். எல்லாம் ஒரே அலமாரித் தட்டில், அடுப்புக்குத் தூரமாக.

"முளைத்தது" என்றால் என்ன என்றும் முன்கூட்டியே எழுதி வைத்தேன். வேர் 2 மி.மீ. வெளியே வந்திருந்தால் முளைத்தது, இல்லாவிட்டால் இல்லை. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் எண்ணும்போதுதான் தெரியும், தோல் லேசாக வெடித்த பயறை நமக்குப் பிடித்த தட்டில் "முளைச்சிடுச்சு" என்றும், பிடிக்காத தட்டில் "இல்லை" என்றும் நம் கண்ணே ஏமாற்றும்.

வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு ஆரம்பம். ஞாயிறு மாலை 6 மணிக்கு எண்ணிக்கை.

★ உப்புத் தண்ணீரில் நன்றாக முளைக்குமா?

முடிவு இப்படி வந்தது (ஒவ்வொரு தட்டிலும் 25-க்கு):

உப்பு 20 கிராம் – 2, 0, 1. மொத்தம் 75-க்கு 3
உப்பு 10 கிராம் – 15, 13, 16. மொத்தம் 44
உப்பு 5 கிராம் – 23, 22, 24. மொத்தம் 69
நல்ல தண்ணீர் – 17, 18, 16. மொத்தம் 51

நல்ல தண்ணீரை விட உப்புத் தண்ணீரில் அதிகமாக முளைத்திருக்கிறது! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், தம்பியை விட்டு இரண்டாவது முறை எண்ணச் சொன்னேன். அதே எண்கள்தான்.

இப்போது என் முன்னால் இரண்டு சோதனைகள்! இவை உண்மையான சோதனைகள், அதாவது மனசுக்கு வைத்த சோதனைகள்.

முதலாவது, என் தோழி போனில் சொன்னது: "17, 18, 16-ஐ 24, 25, 24-னு மாத்திடு. யாருக்குத் தெரியப் போகுது? அப்படித்தானே வரணும்?" இது பழைய அக்கா ரெக்கார்டு வேலை.

இரண்டாவது, என் மனசே சொன்னது: "மாணவியின் கண்டுபிடிப்பு! கொஞ்சம் உப்பு சேர்த்தால் பயறு நன்றாக முளைக்கும்!" என்று சார்ட்டில் கொட்டை எழுத்தில் போட்டால் எப்படி இருக்கும்? நினைக்கவே இனித்தது.

முதலாவது பொய் என்று உடனே தெரிகிறது. இரண்டாவது பொய் மாதிரித் தெரியாது. அதனால்தான் அது இன்னும் ஆபத்து. எண்களை நான் மாற்றவில்லைதான், ஆனால் "ஏன்?" என்று கேட்காமல் ஓடப் பார்த்தேன்.

★ ஒரு வரி காப்பாற்றியது

ஊஞ்சல் பாடம் ஞாபகம் வந்தது. மூன்று தட்டும் 17, 18, 16 என்று கிட்டக்கிட்ட வந்திருக்கின்றன. ஒரு தட்டில் மட்டும் குறைந்திருந்தால் தற்செயல் எனலாம். மூன்றிலும் குறைந்தால் மூன்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று இருக்கிறது. அது தண்ணீர்தானா, வேறு ஏதாவதா?

ரஃப் நோட்டைப் புரட்டினேன். வெள்ளிக்கிழமை பக்கத்தில், எண்ணெய்க் கறையோடு, என் கோழிக்கிறுக்கலில் ஒரு வரி இருந்தது:

"6.40. கிண்ணத்துப் பயறு தீந்துபோச்சு (அம்மா சுண்டலுக்கு எடுத்துட்டாங்க). கடைசி 3 தட்டுக்குப் பழைய டப்பா."

நான் 20, 10, 5 என்று இறங்கு வரிசையில் தட்டுகளை நிரப்பியிருந்தேன். கடைசி மூன்று தட்டு எது? நல்ல தண்ணீர்த் தட்டுகள்! ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்றினேன் என்று நினைத்துக்கொண்டு, தண்ணீரையும் மாற்றி, விதையையும் மாற்றியிருக்கிறேன். வேட்டித் துணியைக்கூட ஒரே மாதிரி கிழித்தவளுக்கு, பயறு ஒரே பயறாக இருக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

முளைக்காத பயறை அம்மாவிடம் காட்டினேன். நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது கல்லுப் பயறுடி. எவ்வளவு நேரம் ஊறப்போட்டாலும் இப்படியேதான் கிடக்கும். பழசுல நிறைய வரும்" என்றார்கள். ஊறவே ஊறாத பயறு. அதன் தோல் தண்ணீரை உள்ளே விடுவதில்லை.

அம்மா சொன்னது சரியா என்று பார்க்க இரண்டு சின்னச் சோதனை செய்தேன். ஒன்று: புதுப் பயறு 50, பழைய டப்பாப் பயறு 50, இரண்டும் நல்ல தண்ணீரில். புதியது 47 முளைத்தது, பழையது 33. இரண்டு: ஊறாத கல்லுப் பயறு 10 எடுத்து, உப்புத்தாளில் தோலை லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போட்டேன். மறுநாள் 8 பயறு ஊதியிருந்தது. (உப்புச் சோதனைக்கு உப்புத்தாள் உதவியதைக் கவனிக்கவும்!)

அடுத்த வாரம் முழுச் சோதனையையும் மறுபடி செய்தேன். இந்த முறை ஒரே பாக்கெட் பயறைச் செய்தித்தாளில் கொட்டி, கலந்து, 25 25-ஆகப் பன்னிரண்டு பொட்டலம் கட்டி, சீட்டுக் குலுக்கிப் போட்டு எந்தப் பொட்டலம் எந்தத் தட்டுக்கு என்று முடிவு செய்தேன். சீட்டு எடுத்தது தம்பி.

நல்ல தண்ணீர் – 23, 24, 22. மொத்தம் 75-க்கு 69
உப்பு 5 கிராம் – 22, 23, 21. மொத்தம் 66
உப்பு 10 கிராம் – 14, 12, 15. மொத்தம் 41
உப்பு 20 கிராம் – 1, 0, 2. மொத்தம் 3

நல்ல தண்ணீருக்கும் 5 கிராமுக்கும் உள்ள வித்தியாசம் 75-க்கு 3 பயறுதான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 10 கிராமில் கிட்டத்தட்ட பாதிதான் முளைக்கிறது. 20 கிராமில் அநேகமாக ஒன்றுமே இல்லை. (கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும்.)

தாத்தாவின் போர் தண்ணீரையும் விடவில்லை. லேபில் அரை லிட்டரை பீக்கரில் வற்ற வைத்து, பீக்கரை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்ததில் 1.6 கிராம் தங்கியது. லிட்டருக்கு 3.2 கிராம். அதில் இருப்பது எல்லாம் சமையல் உப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் தாத்தாவிடம் தைரியமாக இவ்வளவு சொன்னேன்: "தாத்தா, முளைக்கிறதைக் கெடுக்கிற அளவுக்குத் தண்ணியில உப்பு இருக்கிற மாதிரித் தெரியலை. விதைப் பயறையும் கொஞ்சம் ஊறப்போட்டுப் பாருங்க. ஆனா முளைச்சதுக்கு அப்புறம் செடி எப்படி வளரும், காய்க்குமான்னு நான் பார்க்கலை. அதை என்னால சொல்ல முடியாது."

தாத்தா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சதைத் தெரியும்னும், தெரியாததைத் தெரியாதுன்னும் சொல்றியே, அதுவே போதும்" என்றார். அன்றே விதைப் பயறில் நூறு எண்ணி ஈரச் சாக்கில் கட்டி வைத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். நான் 17-ஐ 24 ஆக்கியிருந்தால், அல்லது "உப்பு நல்லது" என்று எழுதியிருந்தால், தாத்தா என் பேச்சைக் கேட்டு வயலில் என்ன செய்திருப்பார்? மார்க்குக்காக எழுதும் பொய் நோட்டோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். ஒருநாள் அதை யாராவது நம்பிவிடுவார்கள்.

★ பெரிய விஞ்ஞானிகளுக்கும் அக்கா ரெக்கார்டு உண்டு!

பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன், அக்காமார்களுக்கு மில்லிகனின் எண்ணெய்த் துளிச் சோதனை தெரியும். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த சோதனை. 1913-ல் அவர் வெளியிட்ட மதிப்பு, இன்றைய அலகில் 1.592 × 10⁻¹⁹ கூலூம். இப்போது நாம் படிப்பது 1.602. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் கொஞ்சம் பிசகாக இருந்ததுதான் காரணம். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்களைப் பற்றி ரிச்சர்ட் ஃபைன்மன் என்ற விஞ்ஞானி 1974-ல் ஒரு பட்டமளிப்பு உரையில் சொன்ன விஷயம் என்னை உலுக்கிவிட்டது. பின்னால் அளந்தவர்களின் விடை ஒரே தாவலில் சரியான மதிப்புக்கு வரவில்லையாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியதாம். மில்லிகனின் எண்ணை விட ரொம்பக் கூடுதலாக வந்தால் "எங்கோ தப்பு" என்று தேடினார்கள். அவர் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அவ்வளவாகத் தேடவில்லை. நம் லேபில் நடப்பதேதான்! நோபல் பரிசு வாங்கிய மில்லிகன்தான் அவர்களுக்கு அக்கா ரெக்கார்டு.

இதற்கு நேர்மாறான கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. 1923-ல் கல்கத்தாவில் சர் சி.வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் கே.ஆர். இராமநாதன் திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிதறிய ஒளியோடு, வரக்கூடாத நிறத்தில் மிக மங்கலாக இன்னொரு ஒளியும் வந்தது. திரவத்தில் அழுக்கு இருக்கும் என்று நினைத்து மீண்டும் மீண்டும் சுத்தப்படுத்தினார்கள். அந்த ஒளி போகவில்லை. "அழுக்குதான், விட்டுத்தள்ளு" என்று ரப்பரால் அழித்துவிடாமல் எழுதி வைத்தார்கள். அந்தப் போகாத ஒளியைப் பின்தொடர்ந்ததுதான் 1928 பிப்ரவரி 28-ல் இராமன் விளைவில் முடிந்தது. 1930-ல் நோபல் பரிசு வந்தது. அந்தப் பிப்ரவரியில் இராமனோடு சேர்ந்து சோதனைகளைச் செய்தவர் நம் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். அவர் அந்த நாட்களைப் பற்றி நாட்குறிப்பு எழுதி வைத்தார். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் என்ன நடந்தது என்று நமக்கு இன்றும் தெரிகிறது.

1987 முதல் பிப்ரவரி 28-ஐ தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். நாமும் வருடாவருடம் கோலம் போட்டு, பேச்சுப்போட்டி வைக்கிறோம். அன்று காலையிலும் ரெக்கார்டைப் பார்த்துக் காப்பி அடிக்கிறோம்!

★ பரிசு கிடைத்ததா?

இல்லை. பரிசு எரிமலைக்குப் போனது. வினிகரும் சோடா உப்பும் கலந்து பொங்கியது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வயிற்றெரிச்சலே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய் ரீடிங் ஆகிவிடும்.

என் சார்ட்டில் இரண்டு அட்டவணைகளையும் ஒட்டியிருந்தேன். தப்பாக வந்தது, திருத்திச் செய்தது, நடுவில் அந்த எண்ணெய்க் கறை வரி. பார்க்க வந்த ஒரு பெரியவர், "முதல் டேபிளை எடுத்துடும்மா, தப்பை எதுக்குக் காட்டுறே, பார்க்க நல்லா இல்லையே" என்று அக்கறையோடுதான் சொன்னார். நான் எடுக்கவில்லை. அதை எடுத்துவிட்டால், ஏன் பொட்டலம் கட்டினேன், ஏன் சீட்டுக் குலுக்கினேன் என்று பார்க்கிறவர்களுக்கு எப்படிப் புரியும்? அடுத்த வருடம் இதைச் செய்கிற தங்கை அதே பள்ளத்தில் விழுவாளே!

★ "நேரம் எங்கே இருக்கு?"

இதைப் படித்ததும் சிலர் கேட்பீர்கள்: "ஒரு பீரியட் 45 நிமிஷம். ஸ்டாப் வாட்ச் நாலு. நாங்க நாற்பது பேர். இதுல ரிப்பீட் எங்கே பண்றது?" நியாயமான கேள்விதான். ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிறவர் விடையைத்தான் பார்ப்பார், பிள்ளைகளுக்கு மார்க் போய்விடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. காப்பி அடிக்கிற எல்லாரும் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சரியான விடைக்கு மட்டும் மார்க் இருக்கிற இடத்தில், பயந்த பிள்ளை வேறு என்ன செய்யும்?

ஆனால் பத்து சோதனைகளையும் காப்பி அடித்து அழகாக எழுதுகிற நேரத்தை எண்ணிப் பாருங்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போடவும், கலர் பென்சிலில் படம் வரையவும் எத்தனை ராத்திரி போகிறது? அதில் பாதி நேரம் இருந்தால், வராத ரீடிங் ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்துவிடலாம். என் ஊசல் கணக்கைத் திருத்த எனக்கு ஆனது ஐந்தே நிமிடம்.

★ என் பணிவான வேண்டுகோள்கள்

தோழர் தோழியருக்கு:

1. லேபுக்குள் போகும்போது ரஃப் நோட்டும் பேனாவும் கையில் இருக்கட்டும். பென்சில் வேண்டாம். தப்பானால் ஒரு கோடு போட்டு அடியுங்கள், கீழே என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். ரப்பரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

2. தேதி, நேரம், யார் அளந்தது, எந்தக் கருவி என்று எழுதுங்கள். "சும்மா" நடந்தது என்று தோன்றுவதையும் ஒரு வரி எழுதுங்கள். சுண்டலுக்குப் பயறு எடுத்ததுதான் எனக்கு விடை சொன்னது. எந்த வரி உதவும் என்று எழுதும்போது தெரியாது.

3. என்ன வரும் என்று நினைக்கிறீர்களோ அதைச் சோதனைக்கு முன்பே எழுதிவிடுங்கள். பிறகு "நான் அப்பவே நினைச்சேன்" என்று நம்மை நாமே ஏமாற்ற முடியாது.

4. குறைந்தது மூன்று முறை செய்யுங்கள். ஆனால் மூன்று முறை ஒரே தப்பைச் செய்தால் மூன்றும் ஒத்துப்போகும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு (தவறாக நினைக்க வேண்டாம்):

5. சோதனை முடிந்த அன்றே, லேபை விட்டுப் போவதற்கு முன்னால், எங்கள் ரஃப் நோட்டில் ஒரு கையெழுத்துப் போடுங்கள். விடை சரியா என்று பார்க்கக்கூட வேண்டாம். அந்த எண்கள் அன்று அங்கே பிறந்தவை என்பதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

6. 10.88 வந்து, "ஏன் 9.8 வரவில்லை என்றால்..." என்று இரண்டு வரி எழுதுகிறவருக்கும், எழுதாமல் 9.8 காட்டுகிறவருக்கும் உள்வகுப்பு மதிப்பெண்ணில் ஒரு வித்தியாசம் காட்டுங்கள். ஒரே ஒரு மார்க் போதும். அக்கா ரெக்கார்டு அடுத்த நாளே பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்!

கடைசியாக ஒன்று. என் பழைய ரெக்கார்டு நோட்டில் தனி ஊசல் பக்கத்தை எடுத்து, 31.1, 35.9, 40.1 மூன்றையும் ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டேன். பக்கத்தில் 29.5, 34.1, 38.1 என்று என் சொந்த எண்களை எழுதி, கீழே "20 அல்ல, 19 அலைவுகள். ஒன்றிலிருந்து எண்ணிவிட்டேன்" என்று குறித்து, இயற்பியல் சாரிடம் நேற்று காட்டினேன். திட்டு விழும் என்று நினைத்துத்தான் போனேன். சார் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். பிறகு பழைய சிவப்பு டிக்கை அடித்துவிட்டு, புது எண்களுக்குப் பக்கத்தில் இன்றைய தேதியோடு கையெழுத்துப் போட்டார். மார்க் கூடவில்லை, குறையவும் இல்லை.

இந்த வருடம் எந்தத் தங்கையாவது, தம்பியாவது ரெக்கார்டு கேட்டு வந்தால், நான் அந்த நோட்டைத் தாராளமாகக் கொடுப்பேன். அந்தப் பக்கத்தைப் பார்த்துக் காப்பி அடிக்க முடிந்தால் அடித்துக்கொள்ளட்டும்!



– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

(பி.கு.: மீதமான புதுப் பயறு எல்லாம் சுண்டல் ஆகிவிட்டது. கல்லுப் பயறு இன்னும் ஒரு பாட்டிலில் இருக்கிறது. சோதனை செய்ய வேண்டும் என்பவர்கள் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ரஃப் நோட்டோடு வரவும்.)